ஜ இல்லாத எழுத்துரு

ஆகஸ்ட் பதிமூன்று. கருங்கல் சந்தை முக்கில்
பேக்கரிக்கு மேலே என் கடை.
கீழே பப்ஸ் வேகிறது,
மேலே தகரத்தை விடாமல் தட்டுகிறது மழை.
குறும்பனையிலிருந்து வந்த கிளீட்டஸ்
நனைந்த சட்டைக்குள்ளிருந்து
நனையாத ஒரு தாளை எடுத்தார்.
பத்துக்கு ஆறு ப்ளெக்ஸ், மூவர்ணம், நடுவில் ஜெய்ஹிந்த்,
கீழே ஓட்டத்திலும் கோலப்போட்டியிலும்
ஜெயித்த பிள்ளைகள் பெயர்.
“எழுத்து சும்மா கிடக்கப்பிடாது கேட்டியா?
பாத்தா ரோமம் எந்திக்கணும்.”
நல்ல எழுத்துரு விலைக்குத்தான் கிடைக்கும் என்றேன்.
“எழுத்துக்குமா காசு?”

ஆகவே இலவசத்தில் தேடினோம்.
முதல் எழுத்துருவில் சுழி வரும் இடமெல்லாம் சக்கரம்.
‘கொண்டாட்டம்’ என்று அடித்தேன்,
மூணு சுழி ண-வில் மூன்று சக்கரம் சுற்றின.
“ஒரு கொடிக்கு ஒண்ணு போரும்” என்றார்.
அடுத்ததில் புள்ளிக்குப் பதில் தாமரை.
“ஐயோ வேண்டாம், அது ஒரு கட்சி.”
கொம்புக்குக் கொம்பு கதிர் விரித்தது இன்னொன்று.
“அதுவும்.”
இலை முளைத்தது. கை நீட்டியது.
அவர் வாய் திறக்கும் முன்பே நான் மூடிவிட்டேன்.
அலங்காரம் என்று இந்த நாட்டில் மிச்சமிருப்பது
வெறும் புள்ளிதான் போல.

ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்தபின் அது கிடைத்தது:
பாய்மரத் துணிபோல்
காற்று உள்ளே புகுந்து நிற்கும் தடித்த எழுத்து.
கிளீட்டஸ் நாற்காலியைக் கிட்டே இழுத்தார்.
ஜெய்ஹிந்த் அடித்தேன்.
ஒரு கட்டம், ஒரு ய், இன்னொரு கட்டம்.
“இதென்ன, ஐஸ் பெட்டியா?”
பெயர்களை அடித்தேன்.
ஷெர்ஜின், ஜெனோவா, அஜிதா, ஸ்டெபி.
பெட்டி, பெட்டி, பெட்டி,
லோடு ஏற்றக் காத்திருக்கும் துறைமுகம்.

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்.
கொடியேற்றுவது தனிப்பட்ட பயன்பாடா?
யாரிடம் கேட்க?
வரைந்தவருக்கே மெயில் போட்டேன்.
கிளீட்டஸ் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

பத்தரைக்குப் பதில்:
‘ஊர்ப் பிள்ளைகளுக்கு என்றால் எடுத்துக்கொள்க.
வடவெழுத்து நான் வரைவதில்லை, அது கொள்கை.
செயகிந்து என எழுதலாம்.’
ஷெர்ஜினை என்ன செய்ய என்று கேட்டேன்.
‘செர்சின்.’

ஐயா, எங்கள் மாவட்டத்தில்
வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா?
ஜ-வை எடுத்துவிட்டால்
பாதி வகுப்பு ஆப்சென்ட்.
இதை அடித்தேன், அனுப்பவில்லை.
வரையத் தொடங்கினேன்.

ஐ-யின் உடம்பு, ஞ-விடம் கடன் வாங்கிய கை.
உ-வை நிமிர்த்தி ஒரு ஹ.
ஸ-வுக்கு வ-வையும் ல-வையும் ஒட்டிப் பார்த்தேன்,
சண்டைபோட்ட தம்பதிபோல் விலகி நின்றன.
ஷ மட்டும் ஒரு மணி நேரம் தின்றது.
வேறு எழுத்துருவுக்கு மாறியிருக்கலாம்.
ஏனோ வீம்பு.
நான்கையும் படமெடுத்து அவருக்கே அனுப்பினேன்,
கொஞ்சம் திமிராகத்தான்.

ஒன்றே முக்காலுக்குப் பதில் வந்தது.
கொள்கை பற்றி ஒரு சொல் இல்லை.
‘ஜ-வின் வயிறு மெலிந்திருக்கிறது.
கோட்டைப் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டாக்குங்கள்.
ஸ-வின் வால் தரையைத் தொடக்கூடாது.’
ஆக்கினேன். அவர் சொன்னது சரி.
கடைசியில், வழக்கமான மூலையில்,
என் கடைப் பெயரை அடித்தேன்:
சுஜிலா கிராஃபிக்ஸ்.
ஒரு பெட்டியும் இல்லை.

பதினான்கு மதியம் கிளீட்டஸ் வந்து
தரையில் விரித்த ப்ளெக்ஸைச் சுற்றி நடந்தார்.
ரோமம் எந்திச்சுதா என்றேன்.
பதில் சொல்லவில்லை,
குனிந்து கீழே மூன்றாவது பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்.
அஜிதா கி.
அந்த ஜ-வின் மேல் பெருவிரலை வைத்து எடுத்தார்.
விரலில் பச்சை.
“காயல்ல” என்றேன்.
“கிடக்கட்டு” என்றார்.